ஆதார் எண்ணைத் தட்டினால் ரத்த ரிப்போர்ட்

ரத்தப் பரிசோதனை நிலையத்தின் வரவேற்பு மேஜையில் உட்காருபவருக்கு ஊசி குத்தத் தெரிய வேண்டாம்; குத்துப்பட்டவர்களிடம் பேசத் தெரிந்தால் போதும். கன்னடம் பேசும் இந்த ஊரில், விவேக் நகரில், ஆறு வருடமாக எனக்கு அதுதான் வேலை. கவுண்டரில் உட்கார்ந்து வாங்கிக் கட்டிக்கொள்ளும் நண்பர்களே, உங்களுக்கு இது உடனே புரியும்.

மனப்பாடம்

கஸ்டமர் நம்பர் சீட்டைத் தொலைக்காத ஆளை நான் பார்த்ததில்லை. அதனால் எங்கள் லேப் முதலாளி, "இனிமே ஆதார் நம்பர்தான் கஸ்டமர் நம்பர்" என்று அறிவித்ததும் எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. எங்கள் வெப்சைட்டில் அந்தப் பன்னிரண்டு எண்களைத் தட்டினால் ரிப்போர்ட் திறந்துவிடும். அவ்வளவு சுலபம்!

முதல் நாளே ஒரு ஆட்டோக்காரர் வந்தார். அவருக்குப் பின்னால் நீளமாக வரிசை. நான் அவசரத்தில் தப்புத் தப்பாக அடிக்க, அவர் மூன்று தடவை தன் எண்ணை உரக்க ஒப்பித்தார். அடுத்து நின்ற பூக்காரம்மா சிரித்துவிட்டார்: "போதும்ணா, உங்க நம்பர் எனக்கே மனப்பாடம் ஆயிடுச்சு!"

மாப்பிள்ளையின் சுகர்

பிறகு ஒருநாள் அத்திபெலேயிலிருந்து ஒரு பெரியவர் ரிப்போர்ட்டைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு வந்தார். "இது சாப்பாட்டுக்கு முன்னாடி எடுத்ததா, பின்னாடியா?" என்றார். பெயரைப் பார்த்தேன். வயது இருபத்தொன்பது.

"உங்க பையனா சார்?"

"இல்லம்மா, எங்க பொண்ணுக்குப் பாத்திருக்கற மாப்பிள்ளை."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. மாப்பிள்ளையின் ஆதார் எண் இவருக்கு எப்படிக் கிடைத்தது? பெரியவர் கொஞ்சமும் கூசவில்லை: "மண்டபம் புக் பண்ண ஜெராக்ஸ் குடுத்தாருமா, அது நம்ம வீட்லதான சும்மா கெடந்துச்சு!"

வாடகை வீடு

அன்று நான் சிரித்தேன். சிரித்த வாயை மூடவைத்தவள் ரேவதி. குடியாத்தத்துப் பெண், பக்கத்துத் தெருவில் மாடி அறையில் வாடகைக்கு இருந்துகொண்டு வேலைக்குப் போகிறவள். விடாத இருமலுக்குச் சளிப் பரிசோதனை செய்ய வந்திருந்தாள்.

மறுநாள் காலையில் ரிப்போர்ட் வெப்சைட்டில் ஏறியது: காசநோய். நான் அவளுக்குப் போன் செய்வதற்குள் அவளே வந்து நின்றாள். வீட்டு ஓனரம்மாவும் எங்கள் கஸ்டமர்தான். வாடகை ஒப்பந்தத்துக்கு வாங்கிவைத்த ஆதார் ஜெராக்ஸைப் பார்த்து எண்ணைத் தட்டியிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைக்குள் அறையைக் காலி செய்யச் சொல்லிவிட்டார். ரேவதி என்னிடம் கத்தியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். மெதுவாகக் கேட்டாள்: "எனக்கு என்ன வியாதின்னு எங்க ஓனரம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியணுமாக்கா?"

சாருடைய ரிப்போர்ட்

நேராக முதலாளியின் அறைக்குப் போனேன். "ஆதார்னா கவர்மெண்ட் நம்பர்மா, அதவிட சேஃப்டி ஏது?" என்றார். பாஸ்வேர்டு வெளியே தெரிந்தால் மாற்றிக்கொள்ளலாம், ஊரெல்லாம் ஜெராக்ஸாகக் கிடக்கும் இந்த எண்ணை எப்படி சார் மாற்றுவது என்று கேட்டேன். அவர் அசைந்துகொடுக்கவில்லை.

கோபம் தலைக்கேறியது. என் போனை எடுத்தேன், பன்னிரண்டு எண்களைத் தட்டினேன், அவர் மேஜையில் வைத்தேன். அவருடைய ரிப்போர்ட்! கொலஸ்ட்ரால் சிவப்பு எழுத்தில் ஜொலித்தது. "யார் குடுத்தா என் நம்பர?" என்று நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். லேப்புக்கு சிம் கார்டு வாங்க அவரே எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியது என்றேன். அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! மறுநிமிடமே சாஃப்ட்வேர்க்காரருக்குப் போன் போட்டார்: "வெப்சைட்ட மூடுப்பா, மொதல்ல என்னோடத மூடு!"

புது எண்

இப்போது நாங்களே ஒரு எண் தருகிறோம். அதோடு போனுக்கு ஓடிபி வந்தால்தான் ரிப்போர்ட் திறக்கும். ஆனால் ரேவதிக்கு அறை திரும்பக் கிடைக்கவில்லை. முதலாளியே போய்க் கன்னடத்தில் கெஞ்சியும் ஓனரம்மா மசியவில்லை. சந்தாபுராவில் ஒரு தோழியோடு தங்கிக்கொண்டு ஆறு மாதம் மாத்திரை சாப்பிட்டாள்.

போன வாரம் மறுபரிசோதனையின் முடிவு வந்தது. கவுண்டருக்கு எதிரே நின்றபடி அவளே ஓடிபியை அடித்தாள். படித்தாள், கண்ணைத் துடைத்தாள், துள்ளிக்கொண்டு வாசலுக்கு ஓடினாள். "என்னடி ஆச்சு?" என்று நான் கத்தியதற்குத் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள்: "இருங்கக்கா, யாருக்கு மொதல்ல சொல்லணும்னு நான்தான் முடிவு பண்ணுவேன்!"

ஒரு சொட்டு ரத்தம் கொடுக்க ஆயிரம் யோசிக்கும் நம் ஜனம், ஆதார் ஜெராக்ஸ் கொடுக்க மட்டும் ஒரு நிமிடம்கூட யோசிப்பதில்லை.