குடும்பத் தலைவரின் வாய்

"...அவருகிட்ட என்னத்தைக் கேக்குறீங்க? அவரு அன்னைக்கு அங்க இருந்தாத்தானே," என்று சேலைத் திரைக்குப் பின்னாலிருந்து அந்தப் பெண் சொன்னாள்.

எண்பத்து மூன்று இனக்கலவரத்துக்குப் பிறகு, கண்டிக்குப் பக்கத்துக் கட்டுகஸ்தோட்டையில் ஒரு கோயில் மண்டபம் அகதிகளால் நிரம்பியிருந்தது. கயிற்றில் சேலையைத் தொங்கவிட்டுக் குடும்பத்துக்கொரு மறைப்பு. அங்கே ஆய்வு செய்ய வந்திருந்தார் ஒரு பெரிய படிப்பாளி, யாழ்ப்பாணத்துக்காரர். அவர் எழுதிக் கொடுப்பதைப் பார்த்துத்தான் யாரை வடக்கே வவுனியாவுக்குப் போகும் லொறியில் ஏற்றுவது, யாரைத் தேயிலைத் தோட்டத்துக்குத் திருப்பி அனுப்புவது என்று தீர்மானிப்பார்களாம். என்னையும் கூட்டி வந்திருந்தார். பக்கத்தில் ஒரு பெண் இருந்தால் பெண்கள் கூச்சமில்லாமல் பேசுவார்களாம். நான் எட்டாம் வகுப்போடு நின்றவள்; ஊர்க்கதை கேட்பதென்றால் எனக்குச் சோறே வேண்டாம். ஆசையோடு போனேன். காலையிலிருந்து நான் செய்த ஆராய்ச்சி, அவருடைய குடையைப் பிடித்துக்கொண்டு நின்றதுதான்.

"தங்கச்சி, கொஞ்சம் பொறுங்கோ. குடும்பத் தலைவரிட்டைத்தான் கேக்கோணும்," என்றார் அவர் திரையைப் பார்த்து.

குடும்பத் தலைவர் கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்தார். கண்டியில் பேக்கரி வேலை. தெல்தெனியப் பக்கத்துத் தோட்டத்தில் அவர்களுடைய லயத்து வீடு எரிந்தபோது டவுனில் பாண் போட்டுக்கொண்டிருந்தவர். பிள்ளைகள் இரண்டையும் இழுத்துக்கொண்டு ஓடியவள்தான் திரைக்குப் பின்னால் இருந்தாள்.

"எத்தினை மணிக்கு வந்தவங்கள்?"

தலைவர் திரையைப் பார்த்தார்.

"கொழுந்து நிறுக்குற நேரம்," என்றது திரை.

"கொழுந்து நிறுக்குற நேரமுங்க," என்றார் தலைவர். அப்போதுதான் பேனா அசைந்தது.

"எங்கை ஒளிச்சிருந்தனீங்கள்?"

"பக்கத்துச் சிங்கள அம்மா வீட்டு மாட்டுக் கொட்டில்ல. அந்த அம்மாதான் கத்தியோட வாசல்ல நின்னாங்க. அவங்க இருக்குற வரைக்கும் நான் அங்கதான் இருப்பேன்."

"மாட்டுக் கொட்டிலுங்க," என்றார் தலைவர். அது மட்டும் எழுதப்பட்டது.

அவ்வளவு படித்த மனிதருக்குக் காது கேட்காமலில்லை. அவருடைய பேனாவுக்கு மீசையுள்ள வாய் வேண்டியிருந்தது.

"வவுனியாவுக்குப் போறியளோ, தோட்டத்துக்கோ?"

இந்த முறை தலைவர் திரையைப் பார்க்கவில்லை. "வவுனியாவுக்குத்தாங்க. எங்க அண்ணன் அங்க இருக்காரு."

"நான் போகலை. பிள்ளைங்களும் போகலை."

பேனா அதற்குள் எழுதி முடித்துவிட்டது. வாசித்தும் காட்டினார்: "குடும்பம் முழுக்கச் சம்மதம்."

"அந்தக்கா போகலைன்னு சொல்றாங்களே, சார்," என்றேன்.

"உம்மடை வேலை பிறகு வரும். பொம்பிளையளுக்குக் கடைசிப் பக்கத்திலை தனிக் கேள்வி இருக்கு."

படிவத்தை எட்டிப் பார்த்தேன். சமையல் எங்கே நடக்கிறது, பிள்ளைகளுக்கு வயிற்றோட்டம் உண்டா. நன்றாகத்தான் கிழித்தார், போங்கள். ஒருத்தி கத்தி பிடித்தும் ஒருத்தி பிள்ளை சுமந்தும் கடந்து வந்த நாளை, பாண் போட்டவரிடம் கேட்டு எழுதுவார்; பெண்களிடம் பருப்பு வெந்ததா என்று விசாரிப்பார். இதற்கு ஒரு பட்டம் வேறு.

கயிறு ஆடியது. முடிச்சு அவிழ்ந்து சேலை சரிய, அந்தப் பெண் அதை நிதானமாக நாலாக மடித்துக்கொண்டு வந்தாள். கணவனின் கதிரைக்கும் படிப்பாளியின் கதிரைக்கும் நடுவில் போட்டு, அதன்மேல் உட்கார்ந்தாள்.