போர்டு வைக்காத கடைகள்

முந்நூற்றிருபது அடி ஆழத்தில் சிக்கிய மோட்டாரை, இரண்டு கம்பெனி ஆட்கள் வந்து பார்த்து, இதை மூடிவிட்டு வேறு போர் போடுங்கள் என்று கைகழுவிவிட்டுப் போன பிறகு, ஒன்றரை நாளில் மேலே கொண்டுவந்தது. மஞ்சள் காமாலையில் படுத்தவன் பிழைப்பதே சந்தேகம் என்று ஊரே பேசிக்கொண்டிருந்தபோது, மறு மாதம் வேலைக்குக் கிளம்பியது. பெரிய வெள்ளத்தன்று சைதாப்பேட்டை ஆற்றோரத்தில் கழுத்தளவுத் தண்ணீரில் ஒன்பது பேரைக் கயிறு பிடித்துக் கரையேற்றியது. பதினெட்டு வருடப் பீடியை ஒரே நாளில் விட்டது. மதியம் மூன்று மணிக்குப் போனாலும் ரத்னாவின் சாப்பாட்டுக் கடையில் விரால்மீன் தலை தனக்கென்று எடுத்துவைக்கப்பட்டிருக்கும்படி செய்துகொண்டது. தன் தம்பி பவுல்சாமி வென்றவை என்று மர்சலின் விரல் மடக்கிச் சொல்பவை இவை. கடைசி ஒன்று மட்டும் அவனே சேர்த்துக்கொள்ளச் சொன்னது. யார் கேட்டாலும் இதே வரிசையில், ஒன்றையும் விடாமல் சொல்வாள். இவற்றில் எதற்கும் கையெழுத்து தேவைப்படவில்லை என்பதை மட்டும் சொல்லமாட்டாள்.

பவுல்சாமிக்கு நாற்பத்தாறு வயது. போர்வெல்லுக்குள் மோட்டார் இறக்குவதும், கெட்டுப்போனதை மேலே ஏற்றுவதும் தொழில். வீடு சைதாப்பேட்டையில், வேலை முழுக்க மேடவாக்கம் தாண்டி, பொன்மார், மாம்பாக்கம் பக்கம். அங்கே சாலையின் ஒரு புறம் மனைக்கல் நட்டு மஞ்சள் பூசியிருப்பார்கள். மறுபுறம் நாற்று நட்டிருப்பார்கள். வீடு கட்ட வருகிறவர்கள் கடைக்கால் எடுக்கும் முன்பே போர் போடுகிறார்கள். காலை ஆறு மணிக்குக் கயிற்றுச் சுருளையும் கப்பியையும் பைக்கில் கட்டிக்கொண்டு கிளம்பினால், எங்கே பசிக்கிறதோ அங்கே சாப்பாடு. இருபது வருடமாக இப்படித்தான். அந்தப் பக்கத்தில் எந்த மரத்தடியில் எந்தக் கிழமை என்ன கிடைக்கும் என்பது அவனுக்குத் தெரிந்த அளவு அங்கேயே பிறந்தவர்களுக்குத் தெரியாது.

கடைக்குள் நுழைந்ததும் அவன் அடுப்பைப் பார்ப்பதில்லை. ஒரு டம்ளர் தண்ணீர் கேட்டு வாங்கி, வாயில் வைத்து, இரண்டு கன்னத்துக்கும் உருட்டி, மெதுவாக விழுங்குவான். விழுங்கிய பிறகு உட்காருவான், அல்லது பத்து ரூபாய்க்கு ஒரு டீ மட்டும் குடித்துவிட்டு வெளியே வந்துவிடுவான். உப்புத் தண்ணீரில் பருப்பு வேகாது, சோடா உப்பு போட்டுத்தான் வேகவைத்திருப்பார்கள் என்பான். சோறு மஞ்சளாக இருந்தால் போர் எத்தனை அடி என்று கேட்பான். கடைக்காரர் சொல்லும் கணக்கு பத்து அடி தவறாக இருந்தாலும் நாக்கால் கண்டுபிடித்துவிடுவான் என்று அவன் கூட்டாளிகள் சொல்வார்கள்.

அவன் போகும் கடை எதற்கும் பெயர்ப்பலகை கிடையாது. அப்துல் கஃபார் வெள்ளிக்கிழமை மட்டும், தொழுகை முடிந்ததும், தன் வீட்டு ஷெட்டில் ஒரே ஒரு தேக்சா பிரியாணி போடுவார். தீர்ந்ததும் தேக்சாவைக் கவிழ்த்துவைப்பார், அதுதான் கடை மூடியதற்கு அடையாளம். சூடாமணி டிராக்டர் நிற்கும் கொட்டகையில் காலை பத்து மணிவரை கேழ்வரகுக் கூழும் கருவாட்டுத் தொக்கும் வைத்திருப்பாள். ரத்னாவின் கடை பொன்மார் தாண்டி ஏரிக்கரையின் கீழே, டிரான்ஸ்ஃபார்மர் பக்கத்தில். ஏரியில் பிடித்த மீன், விராலோ ஜிலேபிக் கெண்டையோ, அன்றைக்கே குழம்பாகும். பவுல்சாமி இவற்றை தேக்சா கடை, டிராக்டர் கடை, டிரான்ஸ்ஃபார்மர் கடை என்பான். “போர்டு வெச்சா கூட்டம் வரும். கூட்டம் வந்தா கொழம்புல தண்ணி ஊத்துவான். போர்டு இல்லாத கடைதான்க்கா கடை” என்பது அவன் கொள்கை.

ஞாயிற்றுக்கிழமை தோறும் இந்தக் கடைகளில் ஏதாவது ஒன்றின் பொட்டலத்தோடு மந்தைவெளிக்கு, அக்கா வீட்டுக்கு வருவான். ஒரு நாள் நீயும் வாயேன் என்று வருடக்கணக்காகக் கூப்பிட்டுப் பார்த்தான். மாடு கட்டியிருக்கும் இடத்தில் பெஞ்சில் உட்கார்ந்து எப்படிச் சாப்பிடுவது என்று மர்சலின் தட்டிக்கழித்தாள். ஆனால் பொட்டலம் வந்ததும் மாடி வீட்டுக்காரர்கள் பார்க்கும் முன் எவர்சில்வர் பாத்திரத்துக்கு மாற்றிவிடுவாள். எலும்பைக்கூட உறிஞ்சித்தான் சாப்பிடுவாள்.

மர்சலின் பங்குக் கோயில் அலுவலகத்தில் இருக்கிறாள். படிப்பு எட்டாவதுதான், எழுத்து அச்சு. ஞானஸ்நான நோட்டு, திருமண நோட்டு எல்லாம் இருபத்திரண்டு வருடமாக அவள் கையால் வரி கோணாமல் நிரம்புகின்றன. கையெழுத்துப் போடத் தெரியாதவர்கள் வந்தால் மை அட்டையை எடுத்துவைப்பதும் அவள்தான். விரலைப் பிடித்து உருட்டி, பக்கத்தில் “இடது பெருவிரல் ரேகை” என்று எழுதுவாள். அந்த இடத்தில் மட்டும் நோட்டு அழுக்காகிவிட்டது போல அவளுக்குத் தோன்றும். அப்படித் தோன்றுவதை யாரிடமும் சொன்னதில்லை. சிறுவயதில் கன்னியர் பள்ளியில் பெண் பிள்ளைகளுக்குச் சீருடையும் மதிய உணவும் இலவசம் என்பதால் அவள் பள்ளிக்குப் போனாள். தம்பியை இரண்டாம் வகுப்போடு நிறுத்தி அப்பா தன்னோடு கிணறு தூர் வாரக் கூட்டிக்கொண்டு போனார். அவனுக்குத் தெரிந்ததெல்லாம் எண்கள்தான். அடிக்கணக்குக்கு அது போதுமானதாக இருந்தது.

போன வருடம் அவள் மகள் ஷெரிலுக்குக் கல்யாணம் நிச்சயமானது. ஷெரிலின் அப்பா இல்லை. பெண் வீட்டுச் சாட்சியாகத் திருமண நோட்டில் தாய்மாமன்தான் கையெழுத்துப் போட வேண்டும் என்று ஷெரில் ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டாள். மர்சலின் பார்த்துக்கொள்ளலாம் என்றாள்.

ஜனவரியில் மாப்பிள்ளை வீட்டார் தி. நகரில் ஒரு ஹோட்டலுக்கு அழைத்தார்கள். வெள்ளிக்கிழமை என்பதால் சைவ ஹோட்டல். மாப்பிள்ளையின் அப்பா கிளிஃபர்ட், அடையாறில் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். நல்ல மனிதர், மரியாதை தெரிந்தவர். பூசைப் புத்தகம் போலத் தடித்த மெனு கார்டு வந்தபோது, அதை வாங்கி நேரே பவுல்சாமியிடம் நீட்டினார். முதலில் தாய்மாமன் சொல்லட்டும் என்றார்.

பவுல்சாமி கார்டை வாங்கி மடியில் வைத்துக்கொண்டான். மர்சலின் முந்திக்கொண்டாள்.

“அவன் கண்ணாடி எடுத்துட்டு வரலைங்க.”

அவன் வாழ்நாளில் கண்ணாடி போட்டதில்லை. கிளிஃபர்ட் உடனே தன் கண்ணாடியைக் கழற்றி, கைக்குட்டையால் துடைத்து நீட்டினார். “இந்தாங்க தம்பி. என்னுது ரெண்டரை பவர். இந்த வயசுக்கு எல்லாருக்கும் ஒத்துப்போகும்.”

வாங்காமல் இருக்க வழியில்லை. பவுல்சாமி கண்ணாடியை மாட்டிக்கொண்டான். கார்டைத் திறந்தான். மேசையைச் சுற்றி ஏழு பேர் காத்திருந்தார்கள். பரிமாறுகிறவர் பேனாவோடு குனிந்தார். பவுல்சாமி இடது பக்கத்தில் விரலை வைத்து, ரத்னா தினமும் தன்னிடம் சொல்லும் வரிசையை அப்படியே சொன்னான்.

“விரால் கொழம்பு ஒண்ணு. ஜிலேபி வறுத்தது. ரசம். மோரு.”

இது சைவ ஹோட்டல் சார் என்றார் பரிமாறுகிறவர். கிளிஃபர்ட் அதை வேடிக்கை என்று எடுத்துக்கொண்டு வாய்விட்டுச் சிரித்தார். தம்பி பெரிய குறும்புக்காரர் என்றார். எல்லோரும் சிரித்தார்கள். பவுல்சாமியும் சிரித்தான். எல்லோரையும்விட அதிக நேரம் சிரித்தது மர்சலின்தான். அவள் சிரிப்பு நிற்கும்வரை அவன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு கண்ணாடியை மடித்து இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தான்.

வெளியே வந்து ஹெல்மெட்டை மாட்டும்போது சொன்னான். “கண்ணாடி சூப்பரா கீதுக்கா. எல்லாம் பெருசு பெருசா தெரிஞ்சுது.”

அன்று வீட்டுக்கு வந்து புடவை மாற்றும்போதுதான் அவளுக்கு உறைத்தது. வெயிலில் நடப்பவன் நிழல் பார்த்துப் போவது போல, தம்பி இருபது வருடமாக யாரும் கையில் கார்டு கொடுக்காத இடமாகப் பார்த்துப் போயிருக்கிறான். அங்கே என்ன இருக்கிறது என்று கடைக்காரர்களே வாயால் சொல்லிவிடுவார்கள். தண்ணீர் ருசி பார்ப்பதும் போர்டு கொள்கையும் பொய்யில்லை. ஆனால் அவற்றுக்கு முன்னால் இது இருந்திருக்கிறது. அவனுக்குப் படிக்கத் தெரியாது என்று அவளுக்குத் தெரியும். அதோடு இதை அவள் ஒரு நாளும் சேர்த்துப் பார்த்ததில்லை.

வெட்கப்பட்டவள் அடுத்துச் செய்தது இன்னும் மோசம். கிளிஃபர்ட் சாரின் முன்னால் மை அட்டையை எடுத்துவைத்துத் தம்பியின் விரலை உருட்டும் காட்சி தூக்கத்திலும் வந்தது. பேங்க்கில் வேலை பார்க்கும் பெரியப்பா மகனிடம் சாட்சிக் கையெழுத்துக்குச் சொல்லிவிட்டாள். தம்பியிடம் சொல்ல நாள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஏப்ரல் பதின்மூன்று, குருத்தோலை ஞாயிறு. பவுல்சாமி பூசை முடிந்து வெள்ளைச் சட்டையில் வந்தான். கையில் குருத்தோலைச் சிலுவை, வழக்கமான பொட்டலம் இல்லை. சட்டைப் பையில் ஒரு புதுப் பேனா இருந்தது. மர்சலின் அதைப் பார்த்தாள், எதற்கு என்று கேட்கவில்லை. அவன் உட்காராமல் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு, “அக்கா, ஒரு விசயம்” என்று தொடங்கினான்.

“இரு, நானும் ஒண்ணு சொல்லணும்” என்று அவள் குறுக்கிட்டாள். “சாட்சிக்கு அண்ணனைச் சொல்லிட்டேன் பவுலு. உனக்கு எதுக்கு அந்தத் தொந்தரவு? அவ்ளோ பேர் பாத்துட்டு நிப்பாங்க.”

அவன் குருத்தோலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

“சரிக்கா. எனக்கு இன்னா, நான் சாப்பாட்ட பாத்துக்கறேன்.”

நீ என்னவோ சொல்ல வந்தாயே என்று கேட்டதற்கு, ஒன்றுமில்லை, மறந்துவிட்டது என்றான்.

மே ஐந்தாம் தேதி கல்யாணம். கோயிலில் நோட்டு விரிக்கப்பட்டபோது பவுல்சாமி அங்கே இல்லை. மண்டபத்தின் பின்புறம், தண்ணீர் லாரிக்காரரிடம் ஒரு டம்ளர் வாங்கி வாயில் உருட்டிப் பார்த்து, இது சமையலுக்கு ஆகாது என்று திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தான். மாமா எங்கே என்று ஷெரில் இரண்டு முறை திரும்பிப் பார்த்தாள். சாப்பாட்டை எல்லோரும் புகழ்ந்தார்கள். கிளிஃபர்ட் இரண்டாம் முறை ரசம் கேட்டு வாங்கினார்.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் வரவில்லை. சண்டை எதுவும் இல்லை; போன் செய்தால் எடுப்பான், வேலை கீதுக்கா என்பான். ஐந்தாவது ஞாயிறும் வராமல் போக, மறுநாள் மர்சலின் அலுவலகத்துக்கு லீவு சொல்லிவிட்டு இரண்டு பஸ் மாறிப் பொன்மார் தாண்டி இறங்கினாள். டிரான்ஸ்ஃபார்மர் கடை எது என்று கேட்டு, ஏரிக்கரைச் சரிவில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கினாள். மூன்று பெஞ்சு, ஒரு தகரக் கூரை, அந்தப் பக்கம் நிஜமாகவே இரண்டு மாடுகள்.

ரத்னாவுக்கு ஐம்பது வயதிருக்கும். உட்கார்ந்ததும் இலையைப் போட்டுத் தண்ணீர் தெளித்து, விரால் குழம்பு, ஜிலேபி வறுத்தது, ரசம், மோர் என்று ஒப்பித்தாள். தி. நகரில் கேட்ட அதே வரிசை. தான் பவுல்சாமியின் அக்கா என்று மர்சலின் சொன்னாள்.

ரத்னா கரண்டியை வைத்துவிட்டு எதிர் பெஞ்சில் வந்து உட்கார்ந்தாள். அவர் பக்கத்து மனையில் மோட்டார் ஏற்றிக்கொண்டிருக்கிறார், வந்துவிடுவார் என்றாள். அக்கா எழுத்து அச்சடித்த மாதிரி இருக்கும் என்று அவர் சொல்லாத நாளில்லை என்றாள்.

“கோயில் நோட்டுல அஞ்சு எழுத்தும் கோணாம வந்துச்சுன்னாரு. அக்கா பாத்துட்டு அழுதுட்சின்னாரு. மெய்யாலுமாம்மா?”

மர்சலின் இலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, “ஆமாம்மா. நேராத்தான் வந்துச்சு” என்றாள்.

ரத்னாவுக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. தவக்காலம் முழுக்க நடந்ததைச் சொன்னாள். அவர் கேட்டுக்கொண்டதால் சுவரில் கரியால் பெயரை எழுதிக்கொடுத்தது அவள்தான். தினமும் இலை போட்டதும், சோறு வைக்காதே, இரு என்பாராம். சுவரைப் பார்த்துப் பார்த்து நகத்தால் இலையில் கீறுவாராம். அதன் மேல்தான் சோறு. கவிச்சி தொடாத நாற்பது நாளும் ரசம் சோற்றுக்கு அடியில் அவர் பெயர் இருந்ததாம். மருமகள் கல்யாணத்தில் அக்கா தலை குனியக் கூடாது என்பாராம்.

“மொத மொத பேப்பர்ல போட்டது இங்கதான். நம்ம மோட்டாருக்கு” என்று சொல்லி, எழுந்து போய்ச் சாமி படத்துக்குப் பின்னாலிருந்து ஒரு வாரண்டி கார்டை எடுத்துவந்தாள்.

மர்சலின் எழுந்து, தொட்டித் தண்ணீரில் கை கழுவி, முந்தானையில் ஈரம் போகத் துடைத்து, இரண்டு கையாலும் அதை வாங்கினாள். பொருத்தியவர் என்ற இடத்தில் நீல மையில் பவுல்சாமி. ‘ப’ பெரிதாக, ‘மி’ கீழ்க்கோட்டை இடித்துக்கொண்டு. நோட்டுகளில் பழகிய கண், கையெழுத்தைப் பார்த்ததும் தானாகவே கீழே தேதிக்குப் போனது. எண்கள் அவனுக்கு எப்போதும் தெரிந்தவை. அவற்றில் நடுக்கம் இல்லை. குருத்தோலை ஞாயிற்றுக்கு முந்தின நாள்.

12.4.2025.