ஆசனூர் சாலையில் யானை

பிரபாவதி திண்டிவனத்தில் ஒரு ஸ்கேன் சென்டரில் டோக்கன் கொடுப்பவள். கணவன் தென்னரசு பைக் மெக்கானிக். லீவு கிடைத்தால் மூன்று வயது மகள் இனியாவை பைக்கில் நடுவில் உட்காரவைத்துக்கொண்டு இருவரும் காட்டுப் பக்கம் கிளம்பிவிடுவார்கள்.

போன தை மாதம் ஆசனூர் காட்டுச் சாலையில் ஒரு வளைவு திரும்பியதும் எதிரே ஒற்றை யானை நின்றது. தென்னரசு இன்ஜினை அணைத்தான். யானை கிட்டே வந்து, தும்பிக்கையை நீட்டிக் குழந்தையின் தொப்பியை முகர்ந்தது. பிறகு மூங்கில் புதருக்குள் போய்விட்டது.

தென்னரசு ரோட்டோரம் உட்கார்ந்து அழுதான். பிரபாவதி குழந்தைக்குத் தண்ணீர் கொடுத்தாள். பயம் பிறகு வரும் என்று நினைத்தாள். ஊர் திரும்பி ஒரு மாதமாகியும் பயமோ அழுகையோ சிரிப்போ எதுவும் வரவில்லை. டோக்கன் கொடுத்தாள், சோறு வடித்தாள், மகளுக்குத் தலை வாரினாள்.

"இனிமே காட்டுக்குப் போவ வேணாம். நீ பேசாமயே இருந்துக்கினு இருக்க," என்றான் தென்னரசு.

"போலாங்க. எனக்கு ஒண்ணும் ஆவல."

பங்குனியில் ஜவ்வாது மலைக்குப் போனார்கள். ஓடையைக் கடக்கும்போது இனியா பாசியில் வழுக்கினாள். பிரபாவதி சட்டென்று அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா, வலிக்குது, விடு."

எவ்வளவு அழுத்திப் பிடித்திருக்கிறோம் என்று அப்போதுதான் பிரபாவதிக்குத் தெரிந்தது.