கோழிக்கு ஏது நைட் ஷிஃப்ட்

பூனாவை ஒட்டிய நிக்டியில் எங்கள் காலனியே ஆலைச் சங்குக்கு எழுந்து சங்குக்குப் படுக்கும். என் வீட்டுக்காரருக்கு ஒரு வாரம் காலை ஷிஃப்ட், மறுவாரம் மதியம், அதற்கடுத்த வாரம் இரவு. தொண்ணூறுகளின் நடுவில், காலனிக்குப் பின்னால் ஒரு கொட்டகையை வாடகைக்கு எடுத்து முட்டைக்கோழி வளர்க்கலாம் என்று நான்தான் அடம்பிடித்தேன். அவரும் சம்மதித்தார், ஆனால் தீனியைத் தான்தான் போடுவேன் என்றார். மெஷினுக்கு எண்ணெய் விடுகிற கையாம், அளவு தப்பாதாம். முட்டை பொறுக்குவதும் எச்சம் வாருவதும் என் தலையில் விழுந்தன.

அளவு தப்பவில்லை, வாஸ்தவம். நேரம்தான் தப்பியது. காலை ஷிஃப்ட் வாரத்தில் விடியுமுன்னே தீனி விழும். இரவு ஷிஃப்ட் வாரத்தில் அவர் தூங்கி எழுந்து வருவதற்குள் உச்சி வெயில் ஏறிவிடும். அதுவரை பசியோடு கிடந்த கோழிகள் ஒன்றையொன்று கொத்திக்கொண்டன. தொட்டி நிறைந்ததும் கொழுத்ததெல்லாம் ஏறி மிதித்துத் தின்னும், நோஞ்சான்கள் ஓரமாக நிற்கும். வெயிலில் தின்றவை வாயைப் பிளந்து மூச்சிரைத்தன. ஷிஃப்ட் மாறும்போதெல்லாம் முட்டை குறைந்தது, அதிலும் பல ஓடு கட்டாத தோல்முட்டை.

இன்னொரு தடவை உடைசல் வந்தால் வேறு இடம் பார்த்துக்கொள்கிறேன் என்று முட்டை வாங்கும் மராட்டிக் கடைக்காரர் சொல்லிவிட்டார். என் வீட்டுக்காரர் அன்றைக்கே கறிக்கடைக்காரரிடம் பேசிவிட்டு வந்தார். மாதக் கடைசியில் மொத்தத்தையும் டெம்போவில் ஏற்றிவிடலாமாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கல்யாணமாகிப் பூனா வந்தபின் நானாக ஆரம்பித்த ஒரே காரியம் அது.

“கோழிக்கு ஏதுங்க நைட் ஷிஃப்ட்? இனிமே தீனிய நான் போடறேன். இந்த மாசம் முடியட்டும், அதுவரைக்கும் எதுவும் பேசாதீங்க,” என்றேன்.

விடிந்ததும் பாதி, வெயில் தாழ்ந்ததும் மீதி. ஓடு இரவில்தான் கட்டும் என்று கால்நடை டாக்டர் சொல்லியிருந்ததால், கிளிஞ்சல் தூளைச் சாயங்காலத் தீனியில் கலந்தேன். மழையானாலும் விருந்தாளி வந்தாலும் அந்த நேரத்தை விடவில்லை. நாத்தனார் மகளின் சீமந்தத்தில் பாதியிலேயே கிளம்பி வந்து நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். வெறும் வயிற்றோடு எச்சம் வாரினால் தலை சுற்றியது. அதனால் அவர் சோற்றை ஹாட்கேஸில் வைத்துவிட்டு, நான் முந்திச் சாப்பிட்டுவிட்டுத்தான் கொட்டகைக்குப் போவேன். முதல் நாள் அதைத் திறக்காமலே உம்மென்று உட்கார்ந்திருந்தார். உட்காரட்டும் என்று விட்டுவிட்டேன்.

மெல்லக் கொத்தல் நின்றது. நோஞ்சான்களுக்கும் தீனி கிடைத்தது. ஓடு கெட்டிப்பட்டது. கடைக்காரர் இரண்டு முட்டைகளைத் தட்டிப் பார்த்துவிட்டு, முட்டைத் தட்டுகளை உள்ளே எடுத்து வைத்தார்.

மாதக் கடைசியில் டெம்போ வந்தது. நான் துடைப்பத்தோடு கொட்டகை வாசலில் நின்றுகொண்டேன். சைக்கிளில் பின்னாலேயே வந்த வீட்டுக்காரர், என்னைப் பார்க்காமல் நேராக டிரைவரிடம் போய் அவரைத் திருப்பி அனுப்பினார்.

வேலையை முடித்துவிட்டு வீடு திரும்பினேன். அவர் தானே சோறு போட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். இந்த மாதத்துக்கு முன்பு எந்த ஷிஃப்டானாலும் அவர் சாப்பிடாமல் நான் சாப்பிட்டதில்லை என்பதால், அன்று அவர் கேட்ட கேள்விக்கு இத்தனை வருஷத்தில் இடமே வந்ததில்லை.

“நீ சாப்ட்டியா?” என்றார்.

“அப்பவே சாப்ட்டேங்க,” என்றேன்.