மைக்கை அணைத்துப் பேசிய ஞாயிறுகள்

திங்கள்சந்தை பிரவுசிங் சென்டரில் பக்கத்து கேபினில் இருந்த அக்கா ஹெட்போன் மாட்டியிருந்தாள். எனக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லை. ஆனால் பிளைவுட் தடுப்புக்கு மேலாக அவளுடைய திரை தெரிந்தது. அதில் கல்ஃபில் இருக்கும் அவள் வீட்டுக்காரர் தலையைச் சாய்த்து, "பிள்ளைக்கு காய்ச்சல் விட்டுதா?" என்று கேட்டார். செமினாருக்காக எதையோ தட்டிக்கொண்டிருந்த என் கை நின்றுவிட்டது. காதில் விழாத கேள்வி எனக்கு எப்படித் தெரிந்தது? அவர் வாயைப் பார்த்துப் படித்திருக்கிறேன். அப்படியென்றால் அம்மாவும் படிப்பாள்.

செமினாரை அப்படியே விட்டுவிட்டு எழுந்தேன். பஸ்ஸுக்குக்கூட நிற்கவில்லை, வீடு வரை நடந்தேன். அது 2006. இன்ஜினியரிங் இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்தேன்.

அம்மாவுக்குக் காது கேட்காது. நான் கைக்குழந்தையாக இருந்தபோது அவளுக்கு வந்த ஒரு காய்ச்சல் இரண்டு காதையும் கொண்டுபோனது. நெய்யூர் ஆஸ்பத்திரியில் காட்டி, திருவனந்தபுரம் வரை போய்க் காட்டி, இனி இவ்வளவுதான் என்று திரும்பி வந்தார்களாம். பேச்சு போகவில்லை. தன் குரல் தனக்கே கேட்காததால் சில நேரம் தெருவுக்கே கேட்கும்படி பேசுவாள், சில நேரம் பக்கத்தில் இருப்பவருக்கும் எட்டாது. மற்றவர்கள் பேசுவதை உதட்டிலிருந்து வாங்கிக்கொள்வாள். அப்பா நான் பள்ளிக்கூடம் சேரும் முன்பே இறந்துவிட்டார். அண்ணனும் நானும் வீட்டுக்குள் சத்தமே போடாமல் வாயை மட்டும் அசைத்துப் பேசி வளர்ந்தோம். சர்ச்சில் பிரசங்கத்தின் நடுவே ஆண்கள் பக்கத்திலிருந்து அண்ணன் வாயசைப்பான். பெண்கள் பக்கத்தில் அம்மாவும் நானும் அவள் முந்தானையால் சிரிப்பை மூடுவோம். அந்த வித்தையில் எங்கள் மூன்று பேரில் அவன்தான் கெட்டிக்காரன். சர்ச்சின் கடைசி பெஞ்சில் இருந்துகொண்டு பாடகர் குழுவில் யார் வாயை மட்டும் திறந்து பாடாமல் நிற்கிறார்கள் என்று சொல்வான்.

அவனுக்கு அமெரிக்காவில் வேலை கிடைத்தது. கல்யாணத்துக்கு ஒருமுறை வந்து மைனியையும் கூட்டிக்கொண்டு போனான். அதன்பிறகு ஃபோன்தான். காது கேட்காதவளுக்கு ஃபோன் எதற்கு? நான் ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டு, அவன் சொல்லச் சொல்ல அம்மாவுக்கு வாயசைத்துக் காட்டுவேன். நல்லா இருக்கானாம். பனி கொட்டுதாம். மைனிக்கும் வேலை கெடச்சிருச்சாம். அம்மா என் உதட்டை உற்றுப் பார்த்துவிட்டு, "பாதிய நீ முழுங்கிருவ. அவன் மூஞ்சியப் பாத்து வாங்கணும் எனக்கு" என்பாள்.

முழுங்கத்தான் செய்தேன். "சரி சரி, வைக்கட்டா, ஒரு மீட்டிங் இருக்கு" என்று அவன் அவசரப்படும்போது, "உடம்பப் பாத்துக்கிடச் சொன்னான்" என்று அம்மாவுக்குக் காட்டியிருக்கிறேன்.

பிரவுசிங் சென்டரில் ஐந்து நிமிடத்தில் நடக்கிற காரியம் எங்களுக்கு ஒன்றரை வருடம் பிடித்தது. அவனிடம் இருந்த கம்ப்யூட்டர் ஆப்பிள் மேக். எங்கள் வீட்டில் இருந்தது நாகர்கோவிலில் பாகம் பாகமாக வாங்கிப் பூட்டிய பெட்டி. கல்லூரியில் பிடித்த லினக்ஸ் பைத்தியத்தில் அதிலிருந்த விண்டோஸை நான் அழித்துவிட்டு லினக்ஸை ஏற்றியிருந்தேன். மேக்கில் இருந்த வீடியோ அரட்டை மேக்கோடுதான் பேசும். சென்டரில் எல்லோரும் வைத்திருந்தது விண்டோஸுக்கும் விண்டோஸுக்கும் நடுவில்தான் படம் காட்டும். லினக்ஸுக்கு மிஞ்சியது எழுத்து அரட்டை. ஒரே தெருவில் மூன்று சர்ச் இருந்தும் ஒருவர் வீட்டுக் கல்யாணத்தை இன்னொரு சபை போதகர் நடத்திவைக்காத ஊர்க்காரி நான். எனக்கு அது புதிதாகத் தோன்றவில்லை. எரிச்சலாக மட்டும் இருந்தது.

"அப்ப டைப் பண்ணலாமே" என்றான் அண்ணன்.

அம்மாவிடம் காட்டினேன். "எழுத்த வச்சு நான் என்ன செய்ய? அதுக்கு லெட்டரு போட்டா போராதா?" என்றாள்.

வாங்கிய வெப்கேமராவை லினக்ஸ் கண்டுகொள்ளவில்லை. அதற்கு உரிய டிரைவர் மென்பொருளை சென்டரில் இறக்கி, பென்டிரைவில் கொண்டுவந்து, வீட்டில் கம்பைல் செய்து, பிழை வந்து, மறுபடி சென்டருக்குப் போய், அப்படியே மாதங்கள் போயின. வீட்டுக்கு பிராட்பேண்ட் வந்தது. மூன்று வகைக் கம்ப்யூட்டரிலும் ஓடும் ஒரு மென்பொருள் வந்தது. அதன் லினக்ஸ் பதிப்பில் படம் தெரிய இன்னும் சில மாதம் காத்திருந்தேன். 2008 தொடக்கத்தில் ஒரு ஞாயிறு காலை ஏழு மணிக்கு, சர்ச்சுக்குப் போகும் சேலையைக் கட்டிக்கொண்டு அம்மா திரைக்கு முன் உட்கார்ந்தாள். அவனுக்கு அப்போது சனிக்கிழமை ராத்திரி.

முகம் வந்தது. உடனே உறைந்தது.

"கேக்குதாட்டி?" அண்ணன் குரல் கண்ணாடிபோலத் தெளிவு.

"கேக்குதுண்ணே. படம் நிக்குது."

"கேக்குதுல்லா, அது போராதா?"

யாருக்கு?

அந்த இணைப்பில் நொடிக்கு நான்கைந்து படம்தான் வந்தது. உதடு மூடித் திறப்பதற்கு ஆகும் நேரம் இரண்டு படத்துக்கு நடுவில் விழுந்துவிடும். 'அம்மா' என்று அவன் சொன்னால் இங்கே வந்து சேர்வது திறந்த வாய் மட்டும். "என்னத்த மக்களே, சாளை மீனு மாதிரி வாயத் தொறக்கான்" என்று என்னிடம் சொல்லிவிட்டு அம்மா எழுந்துபோனாள்.

அன்று முழுக்க யோசித்தேன். மென்பொருள் சத்தத்துக்கு முதல் இடம் கொடுத்துவிட்டு, மிஞ்சியதைத்தான் படத்துக்குக் கொடுக்கிறது. உலகத்தில் மற்ற எல்லோருக்கும் அது சரி. எங்களுக்கு அவன் சத்தம் எதற்கு? மறுநாளே ஃபோனில் அவனுக்குப் பாடம் எடுத்தேன். மைக்கை அணைத்துவிடு. படத்தின் அளவை போஸ்ட் கார்டு அளவுக்குக் குறை. மேசை விளக்கை முகத்துக்கு நேரே வை. தாடியை எடு. எல்லாவற்றுக்கும் "ஆகட்டு ஏட்டி, ஆகட்டு" என்றான். தாடியைக்கூட எடுத்தான். எங்கள் பக்க மைக் திறந்தே இருக்கும். அம்மா பேசுவது அவனுக்குக் கேட்கும். அவன் பேசுவது படமாக மட்டும் வரும்.

அடுத்த ஞாயிறு நொடிக்குப் பதினெட்டுப் படம் வந்தது. திரையின் மூலையில் அந்த எண்ணை ஓடவிட்டிருந்தேன். வாழ்க்கையில் எந்தப் பரீட்சை மார்க்கும் எனக்கு அவ்வளவு இனித்ததில்லை.

அம்மா அவன் வாயைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு, "பல்லு என்ன மக்களே இப்பிடிக் கெடக்கு, ராத்திரி வெளக்க மாட்டியா?" என்று தெருவுக்கே கேட்கக் கேட்டாள். அவன் விழுந்து விழுந்து சிரித்தான். சத்தம் இல்லாத சிரிப்பு. முட்டத்திலிருந்து வந்த சாளையை அன்று வாங்கியிருந்தாள். அங்கே சாளை கிடைக்குமா என்று கேட்டாள். அவன் ஏதோ சொன்னான். நான் எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்ததில் கவனிக்கவில்லை. அம்மா என் பக்கம் திரும்பி, "டப்பாவுல அடச்சு கெடைக்குமாம்" என்றாள்.

முதல் தடவையாக அவன் சொன்னதை அம்மா எனக்குச் சொன்னாள்.

இப்படி நான்கு ஞாயிறு. ஐந்தாவது ஞாயிறு அவள் சர்ச்சில் நடந்த அறுப்பின் பண்டிகை ஏலத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள். எங்கள் வீட்டுப் பலாவில் பழுத்த வருக்கச்சக்கையை யார் ஏலத்தில் பிடித்தார்கள், யார் யாருக்கு அதில் மூஞ்சி கறுத்தது என்று கதை நீண்டது. எண் பத்தொன்பதைத் தொட்டது. நான் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கதை நடுவில் நின்றது.

"சரி மக்களே, நேரமாச்சு. வைக்கட்டா?"

"இன்னும் அரைமணிக்கூர் இருக்கும்மா" என்று வாயசைத்தேன். அவள் எழுந்துவிட்டாள். திரையில் அண்ணன் கையாட்டிக்கொண்டிருந்தான்.

அடுத்த வாரம் கண் வலிக்கிறது என்றாள். அதற்கடுத்த வாரம் சர்ச்சுக்கு முன்கூட்டியே போய்ப் பாய் விரிக்க வேண்டும் என்றாள். என் புத்தி எங்கே போகும்? படத்தில்தான் கோளாறு என்று முடிவு செய்தேன். முகம் மங்கலாகத் தெரிகிறதோ, நிறம் சரியில்லையோ என்று புது டிரைவர் போட்டேன். ஜன்னலுக்குத் திரை மாட்டினேன். எண்ணை இருபத்துநாலு வரை ஏற்றினேன். மூன்றாவது ஞாயிறும் அவள் அடுக்களையை விட்டு வரவில்லை. கையைப் பிடித்து நிறுத்தினேன். என்ன சரியில்லை, சொன்னால்தானே திருத்த முடியும் என்று கேட்டேன்.

அம்மா வெளியே ஒருமுறை பார்த்துக்கொண்டாள். தன் குரல் எவ்வளவு தூரம் போகும் என்று அவளுக்குத் தெரியாது. அதனால் குரலை விட்டுவிட்டு உதட்டால் மட்டும் சொன்னாள்.

மைனி அறைக்குள் வந்து ஏதோ கேட்டிருக்கிறாள். அண்ணன் முகத்தைக் கொஞ்சம் திருப்பி, சிரித்துக்கொண்டே பதில் சொல்லியிருக்கிறான்.

"ஊமப்படம் ஓடுது. அஞ்சு நிமிசத்துல முடிஞ்சிரும்."

இதில் அம்மாவுக்கு ஒரு எழுத்துகூடத் தவறவில்லை. நேரே விழுந்த விளக்கு, மழித்த முகம், நொடிக்குப் பத்தொன்பது படம். எல்லாம் என் கைவேலை. எண் ஐந்திலேயே கிடந்திருந்தால் அது சாளையின் வாயாகப் போயிருக்கும்.

அன்றைக்கே அவனை ஃபோனில் பிடித்தேன். சொன்னதை அப்படியே சொல்லிக் காட்டினேன். அவன் முதலில் சொன்னது இதுதான்:

"நான் மைக்க ஆஃப்ல இல்லியாட்டி வச்சிருந்தேன்?"

எனக்கு மேலெல்லாம் எரிந்தது. கடைசி பெஞ்சிலிருந்து பாடகர் குழுவின் வாயை எண்ணியவன், தன் அம்மா எதை வைத்துக் கேட்கிறாள் என்பதை மறந்துவிட்டான். மைக்கை அணைத்தால் அம்மாவையும் அணைத்தாயிற்று என்று நினைத்திருக்கிறான்.

"ஆஃப்லதான் இருந்துது" என்றேன். "நான்தானே வைக்கச் சொன்னேன்."

அவன் குரலைத் தாழ்த்தினான்.

"மைனிட்ட சும்மா வெளையாட்டுக்குச் சொன்னது ஏட்டி. அம்மாட்ட சாரி சொன்னேன்னு சொல்லிரு."

"சொல்ல மாட்டேன்."

"என்னட்டி இது?"

"ஒனக்குப் பதிலா ரெண்டு வருசம் நான் சொன்னேன்லா. இப்ப ஒனக்கு வாயும் இருக்கு, கேமராவும் இருக்கு."

"பாப்போம். இந்த வாரம் கொஞ்சம் பிஸி" என்று வைத்துவிட்டான்.

அந்த பிஸி ஐந்து வாரம் நீண்டது. நானும் விடவில்லை. மைனியிடம் பேசினேன், அவன் அலுவலக நம்பருக்கே அடித்தேன், "நீ வரலன்னா நான் அம்மாட்ட நீ சாரி சொன்னதாப் பொய் சொல்லுவேன்னு நெனைக்காத" என்று மெயில் எழுதினேன். கடைசியில் வருகிற ஞாயிறு ஏழு மணி என்று ஒப்புக்கொண்டிருக்கிறான்.

இந்தத் தடவை எங்கள் பக்க மைக்கையும் அணைக்கப் போகிறேன். அவனுக்கும் ஒன்றும் கேட்காது. அம்மா பேசுவது என்னவென்று தெரிய வேண்டுமானால் அவன் அவள் வாயைப் பார்க்க வேண்டும். வேறு பக்கம் திரும்பி ஒரு வார்த்தை பேசினால் அம்மா சொல்வதில் ஒரு வார்த்தை அவனுக்குப் போய்விடும். படத்தை வரவழைத்துக் கொடுத்துவிட்டு நானும் அறையை விட்டு வெளியே போய்விடுவேன். என்னிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளவும் வழியில்லை.

திட்டத்தை அம்மாவுக்கு விளக்கினேன். அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து, "அவனுக்கு இன்னும் வாங்கத் தெரியுமா மக்களே?" என்று கேட்டாள்.

"தெரியலன்னா?"

முறத்தை ஒருமுறை புடைத்தாள். "தெரியலன்னா நான் பையப் பையப் பேசிப் பாக்கேன்" என்றாள்.

அவளுக்கு அந்த மனசு இருக்கிறது. எனக்கு இல்லை. பெட்டிக்குப் பின்னால் கையை விட்டு மைக்கின் ரோஸ் நிற ஒயரை இப்போதே பிடுங்கி, சுருட்டி, என் பையில் போட்டுவிட்டேன்.