சத்தத்தில் பதினாறு, அமைதியில் ஆறு

வார்டு உதவியாளர் வேலையில் மூச்சை எண்ணுவது சுலபம். எண்ணி முடியும்வரை சொந்தக்காரர்களைப் பேசாமல் இருக்க வைப்பதுதான் கஷ்டம், பட்டவர்களுக்குத் தெரியும்.

அன்று பகல் பதினொரு மணிக்கு அறையில் இருந்தவர்கள்: கால் முறிந்து கட்டிலில் கிடந்த கீழ்பென்னாத்தூர் முனுசாமி, அவர் மனைவி, மச்சான், சிஸ்டர், நான். ஐந்து பேர்.

ஒவ்வொன்றாக

மாவுக்கட்டுக்குள் அரிக்கிறது என்று முனுசாமி காலையிலிருந்து புலம்ப, மச்சான் எங்களைக் கேட்காமல் கடையில் அரிப்பு மாத்திரை வாங்கி வந்திருந்தார். இப்போது முனுசாமி நல்ல குறட்டையில் இருந்தார். அட்டையை வாங்கி எண்ணினேன். பத்தில் ஏழுதான் இருந்தது. மூன்றையும் கொடுத்துவிட்டீர்களா என்றேன்.

"மொத்தமா எங்க கொடுத்தேன்? ஒவ்வொண்ணாதாங்க கொடுத்தேன்."

பதினாறு

சிஸ்டர் முகம் மாறிவிட்டது. வலிக்குப் போட்ட ஊசியே தூக்கம் தரும், அதோடு இந்த மாத்திரையும் சேர்ந்தால், மூளையில் மூச்சை ஓட்டும் இடமும் அசந்துவிடும் என்றார். என்னை மூச்சை எண்ணச் சொல்லிவிட்டு, டாக்டருக்குப் போன் போட்டார், அவர் எடுக்கவில்லை.

நான் முனுசாமியின் வயிற்றில் கை வைத்து, கடிகாரத்தைப் பார்த்தேன். அவர் மனைவி "ஏங்க, ஏங்க" என்று தோளை உலுக்கிக்கொண்டே இருந்தார். உலுக்கும்போதெல்லாம் "ம்" என்று ஒரு மூச்சு வந்தது. நிமிடத்துக்குப் பதினாறு. மச்சானுக்குத் தெம்பு வந்துவிட்டது, என் நரைத்த தலையைப் பார்த்துச் சொன்னார்.

"நல்லாத்தானே மூச்சு வுடறாரு பெரியவரே, தூங்கறவர ஏன் நோண்டறீங்க?"

ஆறு

எனக்குக் கணக்கு ஒப்பவில்லை. அந்தப் பதினாறும் கூப்பிட்டதற்கு வந்த மூச்சு. தானாக எத்தனை வரும்? நாலு பேர் நடுவில் வாய் திறக்கவே கூசுகிறவன் நான். அன்று, "எல்லாரும் வாய மூடுங்க, அவரத் தொடாதீங்க" என்று கத்தினேன். சிஸ்டரும் சேர்ந்து மூடிக்கொண்டார்.

மின்விசிறிச் சத்தம் மட்டும். என் கை ஒருமுறை மேலே வந்தது. பிறகு வரவில்லை. எட்டு விநாடி, ஒன்பது, பத்து, பதினொன்று. பிறகுதான் அடுத்தது. நிமிடத்துக்கு ஆறு.

சொன்னதும் சிஸ்டர் தாடையைத் தூக்கிப் பிடித்து ஆக்ஸிஜன் வைத்தார். நான் மாடிப்படியில் ஓடி டாக்டரைக் கையோடு கூட்டி வந்தேன். வலி ஊசிக்கு எதிர் ஊசி போட்டார்கள். யாரும் கூப்பிடாமலே மூச்சு ஏறியது: ஒன்பது, பதினொன்று, பதிமூன்று. அதை இரண்டு தடவை சரிபார்த்தேன். முனுசாமி கண் திறந்து மச்சானைத் தேடினார்.

"அரிப்பு இன்னும் ஜாஸ்தியாதான்டா இருக்குது."

இப்போதெல்லாம் மூச்சு எண்ணும் முன் எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டு, சொந்தக்காரர்களில் பேச்சு கம்மியானவராகப் பார்த்து நான் அறையில் மிச்சம் வைப்பது ஒரே ஒரு ஆள்.