வாசல் நிலைகள் செய்த மிரியம் அம்மா

நேற்றுக் காலை பால்காரர் போன் செய்து, "செல்வம் அண்ணே, மிரியம் அம்மா எந்திரிக்கலைங்க" என்றார். எனக்குத் துக்கத்துக்கு முன்னால் பயம்தான் வந்தது. "நாங்க யூதருங்க. பொதைக்கிற வரைக்கும் எறந்தவங்களைத் தனியா விடமாட்டோம். மும்பையில இருந்து என் மக வர்ற வரைக்கும் நீங்கதான் பக்கத்துல இருக்கணும்" என்று அம்மா முன்பே என்னிடம் கேட்டிருந்தார். நானும் தலையாட்டியிருந்தேன். இழவு வீட்டில் தெருவோடு நின்று திரும்புகிற ஆள் நான்.

அன்னவாசலில் தச்சுப் பட்டறை வைத்திருக்கிறேன். மிரியம் அம்மா யாரும் செய்யாததைச் செய்த கலைஞர். வெளிநாட்டிலிருந்தெல்லாம் பார்க்க வருவார்கள். முதன்முதலில் பட்டறைக்கு வந்து ஒரு வாசல் நிலை கேட்டார்.

"வீடு எங்கங்க கட்டுறீங்க?"

"வீடு இல்லைங்க. நிலை மட்டுந்தான்."

பொட்டலில் கொண்டுபோய் நட்டோம். கைப் பழக்கத்தில் மஞ்சள் குங்குமம் வைத்து, மாவிலை கட்டி, சூடமும் காட்டிவிட்டேன். இது வீட்டு நிலை இல்லையே என்று அப்புறம்தான் உறைத்தது. திட்டப்போகிறார் என்று நடுங்கினேன். அவரோ என்னைத் தம் வீட்டு வாசலுக்கு அழைத்துப்போய், நிலையில் சாய்வாகப் பொருத்தியிருந்த சிறு குப்பியைக் காட்டினார். உள்ளே அவர்களுடைய வேத வரிகள். "நாங்களும் நிலையைத் தொட்டு முத்தம் வைப்போம்" என்றார். அன்று முதல் அவர் பொட்டலில் நட்ட எல்லா நிலைக்கும் மஞ்சள் வைப்பது என் வேலையானது.

வீடில்லாத நிலை காவு கேட்கும் என்று ஊரார் பிடுங்க வந்தார்கள். "அங்கிட்டுப் போகவே பயமா இருக்குங்க" என்றார் ஒருவர்.

"எனக்கும் பயந்தாங்க" என்றார் அம்மா. "நான் வயித்துல இருக்கையில, வெளிநாட்டுல, யூதருங்கறதுக்காகப் போலீசு கதவைத் தட்டி எங்கப்பாவைக் கூட்டிட்டுப் போனாங்க. திரும்ப வரலை. எங்கம்மா கப்பலேறி பம்பாய் வந்தாங்க. இன்னைக்கும் யாராச்சும் தட்டுனா எனக்கு ஒடம்பு ஆடும். அதான், தட்டக் கதவே இல்லாத வாசலாச் செய்யிறேன்."

முணுமுணுத்துக்கொண்டே கலைந்தார்கள். ஒரு நிலையை மட்டும் பிடுங்கிப் போட்டுவிட்டுத்தான் போனார்கள்.

நேற்று நான் கிளம்பியபோது, "பல்லிக்கே பயப்படுற ஆளு, நீங்களா ஒக்காரப் போறீங்க?" என்றாள் என் மனைவி. தம்மைப் புதைக்க ஆணியில்லாத மரப்பெட்டி வேண்டும் என்றும் அம்மா சொல்லியிருந்ததால், உளியோடும் பலகையோடும் போய் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்தேன். ஃபேன் காற்றில் அவர்மேல் போர்த்தியிருந்த வெள்ளைத் துணி அசையும்போதெல்லாம் உளி நழுவியது. எழுந்து வாசல் வரை ஓடினேன், தாண்டவில்லை. பேச்சுக் கொடுத்தால் பயம் குறையும் என்று வாய்க்கு வந்ததையெல்லாம் அவரிடம் பேசினேன். மழை பெய்யாதது, வேப்பம்பலகை வெடிப்பது, என் மகளின் பரீட்சை.

சாயங்காலம் அவர் மகள் வந்து அழுது ஓய்ந்தபின் கேட்டார்: "பகல் பூரா தனியாவா இருந்தீங்க, அண்ணே?"

"இல்லம்மா. அம்மா இருந்தாங்கள்ல."

இன்று காலை அவருடைய தோட்டத்தில் பெட்டியைக் குழியில் இறக்கினோம். ஒரு கயிறு என் கையில். மற்ற எல்லாரும் கயிற்றை விட்டுவிட்டார்கள். "விடுங்கண்ணே" என்று மகள் சொன்ன பிறகுதான் நான் விட்டேன்.

போய் வாருங்கள், அம்மா.